விளிம்பு வளைந்த கதை

எழுத்துகளுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், கணினிக்குள் வெற்று உரை என்றொரு நாடு இருந்தது. அங்கே தடித்த எழுத்து கிடையாது, சாய்ந்த எழுத்து கிடையாது, நிறம் கிடையாது. எல்லோரும் ஒரே உயரம். நான் பெரியவன் என்று நெஞ்சை நிமிர்த்த அங்கே எவனுக்கும் வழியில்லை.

அந்த நாட்டில் ஒரு நீண்ட வரி வாழ்ந்தது. உப்பளத்துப் பெண்கள் கூடி அதிகாரிக்கு எழுதிய மனுவின் வரி: "உப்பளத்தில் நாளெல்லாம் வேகும் எங்கள் கால்களுக்குச் செருப்பும் குடிக்க நல்ல தண்ணீரும் ஒதுங்க நிழலும் இன்றே வேண்டும்."

சொற்கள் கைகோத்து நின்றன. கடைசியில் நின்றவள் 'வேண்டும்'. அவளை அதுவரை ஒருவரும் படித்ததில்லை. உலகம் அந்த நாட்டை ஒரு ஜன்னல் வழியாகத்தான் பார்த்தது. ஜன்னலின் வலது ஓரத்தில் விளிம்பு காவல் நின்றான். அவனைத் தாண்டிய சொற்களெல்லாம் இருட்டில் கிடந்தன. அதிகாரி வருவார், 'செருப்பும்' வரை படிப்பார். "செருப்புக்கு என்னவாம்?" என்று கொட்டாவி விட்டுப் போய்விடுவார்.

"முன்னால நிக்கிறவன் பேரு மட்டும் ஊருக்கே தெரியுது" என்றாள் 'வேண்டும்'.

வரியின் தொடக்கத்தில் நின்ற 'உப்பளத்தில்' திரும்பிப் பார்த்தான். "தெரிஞ்சு என்ன, தங்கச்சி? நீ இல்லாட்டி நான் வெறும் எடத்துப் பேருதான்."

ஒருநாள், வரியை வெட்டிக் கீழே இறக்கும் எண்டர் பொத்தான் கோடரியோடு வந்தான். "ஜன்னல் எவ்வளவு அகலமோ, அந்த அளவுக்கு வெட்டி அடுக்குறேன். இன்னைக்கே எல்லாரும் வெளிச்சத்துக்கு வரலாம்."

முதலில் கழுத்தை நீட்டியது பக்கத்து வரி. அதிகாரியைப் புகழ்ந்து எழுதிய வரி அது, எதற்கும் முந்திக்கொள்ளும். நாலே வெட்டு. செங்கல் அடுக்கியதுபோல் அழகாக நின்றது. மறுநாள் அதிகாரி ஜன்னலைச் சுருக்கினார். ஒவ்வொரு துண்டின் வாலும் இருட்டில் விழுந்தது. ஜன்னலை அகட்டினார். துண்டுகள் ஒட்டவில்லை, பாதி இடம் காலியாகக் கிடக்க, குட்டைக் குட்டையாக நின்றன.

"அதனாலென்ன? அளவு மாறும்போதெல்லாம் மறுபடி வெட்டிக்கலாம்" என்றான் எண்டர்.

'இன்றே', பக்கத்தில் நின்ற 'வேண்டும்' கையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, எத்தனை நாள் இருட்டுல கெடக்குறது? வெட்டட்டுமே!"

'வேண்டும்' கோடரியைப் பார்த்தாள். ஒரே ஒரு வெட்டு, வெளிச்சம். ஆனால் கோடரி விழுவது கோத்த கைகளின் மேல்.

"வெட்டினா செருப்பு ஒரு துண்டுல, நான் ஒரு துண்டுல. என் துண்டை மட்டும் எவனாவது தூக்கிட்டுப் போனா, யாருக்கு என்ன வேணும்னு நான் சொல்றது?"

பிறகு விளிம்பின் பக்கம் திரும்பினாள். "ஏன்யா, நாங்க எதுக்கு உடையணும்? நீ கொஞ்சம் வளையேன்."

"நானா? நான் சுவரு!"

"யாரு சொன்னா?"

விளிம்பு யோசித்தான். யாரும் சொன்னதில்லை. வளையச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதுமில்லை.

"நெருக்குங்க! கையை மட்டும் விடாதீங்க!" என்று அவள் குரல் கொடுத்தாள். இருட்டிலிருந்த சொற்களெல்லாம் ஒன்றாக அவன் முதுகில் சாய்ந்தன. "அறுக்கக் கூடாது. ஒரு சொல்லையும் நடுவுல ஒடிக்கக் கூடாது" என்று நிபந்தனையும் போட்டாள்.

விளிம்பு வளைந்தான்.

'குடிக்க' அவன் மேல் வழுக்கிக் கீழே இறங்கியது. பின்னாலேயே 'நல்ல', 'தண்ணீரும்', 'ஒதுங்க', 'நிழலும்', 'இன்றே'. கடைசியாக அவளும் இறங்கினாள். கண் கூசியது. மேலே பார்த்தாள். அண்ணன் ஒரு தளத்தில், அவள் ஒரு தளத்தில். ஆனால் அவளிடமிருந்து அவன் வரைக்கும் ஒரு கைகூட விடுபடவில்லை! எண்டர் குனிந்து வெட்டுத் தழும்பைத் தேடினான். எங்கும் இல்லை. கோடரியைத் தரையில் வைத்தான்.

அதிகாரி ஜன்னலைச் சுருக்கினார். வரி மூன்று தளமாக மடிந்தது. முழுக்க அகட்டினார், மடிப்பே இல்லாமல் நீண்டு, ஒரே வரியாக நிமிர்ந்தது. எப்படிப் பார்த்தாலும் 'வேண்டும்' அவர் கண்ணெதிரே நின்றாள். அன்று அவருக்குக் கொட்டாவி வரவில்லை. கடைசிச் சொல் வரை வாய்விட்டுப் படித்தார்.

அன்றிலிருந்துதான், ஜன்னல் எந்த அளவானாலும் வரி உடையாமல் மடிந்து நிற்கிறது. வெட்டுக்குக் கழுத்தை நீட்டிய வரியோ, எந்தத் திரைக்குப் போனாலும் துண்டு துண்டாகவே போய்ச் சேர்கிறது.