நாடகப் பீரியடைக் கேட்டு வாங்கிய ஆமை

தாமரைக் குளத்தங்கரையில் காட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. தலைமை ஆசிரியர் திருமேனி ஆமை. கணக்குப் பாடமும் அவர்தான் எடுத்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் மைனா டீச்சரின் நாடக வகுப்பு. மணி அடித்ததும் ஆமை அங்கே போய் நிற்பார்.

"டீச்சர், இன்னிக்கு ஒரு நாள் இந்தப் பீரியடை எனக்குக் கொடுங்க. பெருக்கல் முடியல!"

அந்த ஒரு நாள் வருஷம் முழுக்க நீண்டது. ஆண்டு விழா நாடகமும் நின்றுபோனது. போன வருஷம் நரியாக நடித்த முயல்குட்டி துள்ளியும், புலியாக உறுமிய தவளை குண்டனும் இப்போது வாய்ப்பாட்டில் முகம் புதைத்துக் கிடந்தார்கள். ஆமைக்கு அதில் ஏகப் பெருமை.

"கூத்தடிச்சா சோறு கிடைக்குமா?" என்பார்.

ஒருநாள் கழுத்தில் துண்டும் கையில் தாளுமாக ஒரு நரி வந்தது. ஆமைக்குச் சுருக்கென்றது.

"நான் புதுக் கல்வி அதிகாரி! பிள்ளைகளைச் சோதிக்க வந்திருக்கேன்!"

அதிகாரி என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், ஆமையின் வளைந்த முதுகு இன்னும் வளைந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று பதினேழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்தார்கள்.

"பிரமாதம்! முதல் வரிசை மட்டும் என்கூட அந்தப் புதருக்குப் பின்னால வரட்டும். பரிசு தர்றேன்!"

"போங்க, போங்க!" என்றார் ஆமை, உச்சி குளிர்ந்து.

துள்ளி மட்டும் நகரவில்லை. வாத்தியாரின் ஓட்டருகே குனிந்தாள்.

"சார், இவரு நடிக்கிறாரு! அதுவும் சரியா நடிக்கல. அதிகாரின்னா எங்க நோட்டைப் பாக்கணும். இவரு எங்க தொடையையே பாக்குறாரு. நரி வேஷம் போட்ட எனக்குத் தெரியாதா?"

ஆமை நிமிர்ந்து பார்த்தார். தாள் தலைகீழாக இருந்தது. நரியின் வாயோரம் எச்சில் வழிந்தது. ஆபத்தென்றால் அவர் ஓட்டுக்குள் புகுந்துகொள்ளலாம். பிள்ளைகளுக்கு ஏது ஓடு? பதினேழாம் வாய்ப்பாடா வந்து காப்பாற்றும்?

அதற்குள் துள்ளி குண்டனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டாள். அவன் நழுவிப் போய், புதருக்குள் கிடந்த பானைக்குள் புகுந்துகொண்டான்.

"வாங்க ஐயா!" என்றாள் துள்ளி சிரித்த முகமாக. "எங்க புலி மாமாவும் அந்தப் புதருக்குப் பின்னாலதான் படுத்திருக்காரு. அதிகாரி வந்தா எழுப்பச் சொன்னாரு. மாமா! மாமோவ்!"

பானைக்குள்ளிருந்து உறுமல் கிளம்பியது. போன வருஷம் விழாவில் ஆமையையே ஓட்டுக்குள் ஒளிய வைத்த அதே உறுமல். நரி துண்டையும் தாளையும் போட்டுவிட்டு ஓடியது பாருங்கள், அப்படி ஓர் ஓட்டம்!

அடுத்த வெள்ளிக்கிழமை மணி அடித்தது. ஆமை வழக்கம்போல் நாடக வகுப்பு வாசலில் வந்து நின்றார். பிள்ளைகள் பெருமூச்சு விட்டு வாய்ப்பாட்டை எடுத்தார்கள்.

"அதை உள்ள வைங்க," என்றார் ஆமை. "டீச்சர், எனக்கு ஏதாவது ஒரு வேஷம் கிடைக்குமா?"

மைனா டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாறை வேஷம் காலியா இருக்கு, சார்!"

எதிரே நிற்பவரைக் கண்டுகொள்ளவும், பயத்தில் கைகால் உதறாமல் நிற்கவும் கலை பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறது. அந்த வகுப்பைப் பறித்துக்கொள்ளும் பள்ளி அவர்களுக்குப் பாதிப் படிப்பைத்தான் கொடுக்கிறது.