தாளிச மரம் ஏன் கீழே இறங்கவில்லை

மரங்கள் நடந்து திரிந்த அந்தக் காலத்தில், பனிமலை உச்சியில் கோடையைக் கழிக்கும் மரங்களெல்லாம் குளிர் தொடங்கியதும் அடிவாரத்துக்கு இறங்கிவிடும். அவற்றுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மலைமேல் யாரும் வேரை ஆழமாக இறக்கக் கூடாது. மேலாக ஊன்றி நிற்க வேண்டும். இறக்கினால் பிறகு எடுக்க முடியாது.

தாளிச மரம் எதற்கெடுத்தாலும் கவலைப்படும். அந்த வருஷம்தான் அதன் கிளைகளில் முதன்முதலாகக் காய்கள் தொங்கின. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ளும்.

புறப்படுகிற அன்று ஒரு கஸ்தூரி மான் குட்டியோடு வந்து நின்றது. குட்டி விடாமல் இருமியது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது.

"அக்கா, இதைக் கூட்டிக்கிட்டு என்னால இறங்க முடியாது. நீங்களும் போயிட்டா ஒதுங்க இடமில்லை" என்றது மான்.

"எனக்கும் பிள்ளைங்க இருக்கு. அதுங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றது தாளிசம். சொல்லிவிட்டதே தவிர, கால் நகரவில்லை. குட்டி மறுபடியும் இருமியது.

முன்னால் போன பைன் மரம் திரும்பிப் பார்த்தது. "வர்றியா, இல்லை அங்கேயே குடித்தனம் வைக்கப் போறியா?"

"நீ போ, பின்னாலேயே வர்றேன். இதுக்கு இருமல் கொஞ்சம் அடங்கட்டும்."

"அது அடங்குறதுக்குள்ள நீ அடங்கிடுவே" என்று சொல்லிவிட்டுப் பைன் இறங்கிப் போனது.

பனி கொட்டியது. தாளிசம் கிளைகளைக் கூடாரம்போலத் தாழ்த்தி, மானையும் குட்டியையும் உள்ளே வைத்துக்கொண்டது. சுற்றிலும் பனி ஏற ஏற, தன் காய்களை உச்சிக் கிளைகளுக்கு ஏற்றி, நிமிர்த்தி உட்காரவைத்தது. "நான் சொல்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது."

உள்ளே குட்டி அண்ணாந்து படுத்து இருமியது. அதன் மூச்சு இலைகளின் அடியில் பட்டு உறைந்தது, இரண்டு மூக்குத் துளைக்கு இரண்டு கோடாக. பசித்தபோது அந்த இலையையே கடித்தது.

"காரமா இருக்கும்மா."

"இருக்கட்டும், மெல்லு" என்றது மான்.

அப்போதுதான் பெருங்காற்று வந்தது. மேலாக ஊன்றிய வேர் ஆட்டம் கண்டது. சாய்ந்தால் காய்களும் போகும், குட்டியும் போகும். தாளிசம் அடிவாரத்து வெயிலை ஒரு தடவை நினைத்துக்கொண்டது. பிறகு வேரை ஆழமாக மண்ணுக்குள் இறக்கிவிட்டது.

பனி உருகியபோது குட்டிக்கு இருமல் இல்லை. புல்லைத் தேடி ஓடியது. பாதி மலை ஏறிவந்த பைன் அங்கிருந்தே பார்த்துவிட்டது.

"வேரை இறக்கிட்டியா? இனி வருஷா வருஷம் குளிர் வருமே, என்ன பண்ணுவே?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"நீ இல்லாம நான் யார்கூடப் பேசிக்கிட்டு ஏறி இறங்குறது?" என்று முணுமுணுத்த பைன், நின்ற இடத்திலேயே தானும் வேரை இறக்கியது.

அன்றிலிருந்துதான் தாளிச மரம் பைன் காடுகளுக்கும் மேலே, பனி விழும் உயரத்தில் நிற்கிறது. காய்களிடம் இறங்கலாம் என்று சொல்ல அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை. அவை கிளைமேலேயே பிரிந்து, விதைகளைக் காற்றில் விடுகின்றன. இருமுகிற பிள்ளைக்கு நாட்டு மருந்துக் கடையில் தாளிசபத்திரி கேட்கிறோமே, அது இந்த மரத்தின் இலைதான். மரத்திலிருக்கும் இலையைத் திருப்பிப் பார்த்தால், அடியில் அந்தக் குட்டி விட்ட மூச்சு இரண்டு வெள்ளைக் கோடுகளாக இன்னும் இருக்கிறது.