துளை வழியே பார்த்த நான்கு முட்டைகள்

ஒரு காட்டில் பட்டுப்போய் விழுந்த மருதமரம் ஒன்று கிடந்தது. குழந்தைகளே, அதன் பொந்துக்குள் ஒரு காட்டுக்கோழி ஏழு முட்டைகளை அடைகாத்தது. இருபத்தோராம் நாள் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. நான்கு முட்டைகள் அப்படியே இருந்தன.

கோழிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும், உட்காரும், முட்டைகளைப் புரட்டும், மறுபடியும் உட்காரும். இரண்டு நாள் இப்படியே போயிற்று. முட்டைக்குள்ளிருந்து கொண்டுவந்த சத்து குஞ்சுகளுக்கு அதுவரைதான் தாங்கியது. மூன்றாம் நாள் காலை அவை கால் தள்ளாடிக் கத்தத் தொடங்கின.

இரை தேட அழைத்துப் போனால் முட்டைகள் குளிர்ந்துவிடும். போகாவிட்டால் குஞ்சுகள் சாகும்.

காட்டுக்கோழிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அடைமுட்டையை வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண்பட்டு உள்ளிருக்கும் உயிர் போய்விடும். அதனால் அந்த நான்கிலும் என்ன இருக்கிறதென்று கோழி பார்க்கவே இல்லை.

அப்போது ஒரு கீரி வந்து மரத்தில் காதை வைத்தது. “தங்கச்சி, உள்ளே டொக் டொக்கென்று சத்தம் கேட்கிறது. நாலும் உயிரோடு இருக்கின்றன. நீ அசையாதே. பிள்ளைகள் வெளியே மேயட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“நீ எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று தெரியும்” என்றது கோழி. ஆனாலும் ‘உயிரோடு’ என்ற சொல் அதை மறுபடி உட்கார வைத்தது. ஒரு குஞ்சு பொந்தின் வாசலை நோக்கித் தள்ளாடி நடந்தது.

“அந்த டொக் டொக் நான் போட்டது” என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. பட்டையில் புழு தேடிக்கொண்டிருந்த மரங்கொத்தி அது. “அக்கா, முட்டைகளைப் பார்த்தாயா?”

“பார்க்கக் கூடாது. கண்பட்டுச் செத்துவிடும்.”

“இப்போது உயிரோடு இருக்கிறதா?”

“தெரியாது.”

“பிறகு எதைக் காப்பாற்றுகிறாய்?”

“அவன் பேச்சைக் கேட்காதே, தங்கச்சி. பாவம் உன் தலையில்தான் விழும்” என்றது கீரி.

கோழி குரலைத் தாழ்த்தியது. “கண்பட்டுவிடும் என்ற பயமில்லை எனக்கு. அடைகாத்த நாட்களில் ஒருநாள் மழை பெய்தது, அன்று வெகுநேரம் வெளியே இருந்துவிட்டேன். நாலையும் நானே கொன்றிருந்தால்?”

“இருக்கலாம். பார்த்தால் தெரியும்.”

மரங்கொத்தி உளுத்த மரத்தில் ஒரு துளை போட்டது. இருட்டுப் பொந்துக்குள் வெயில் குச்சிபோல் நீண்டது. அலகால் கோழி முதல் முட்டையைத் துளையருகே உருட்டியது. வெளிச்சம் தடையில்லாமல் ஊடுருவியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

“என் பொந்திலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு இப்படி வரும்” என்றது மரங்கொத்தி. “உயிர் உண்டானால் நூல்நூலாகச் சிவப்பு ஓடும். இவற்றில் ஓடவே இல்லை. இன்னும் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் இவை வெறும் முட்டைகள்தான்.”

நான்காவது முட்டைக்குள் ஒரு சிவப்பு வளையம் தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

“இதில் உயிர் இருந்தது. தொடக்கத்திலேயே நின்றுவிட்டது.”

“மழையன்றா?”

“அதை இந்தத் துளை காட்டாது, அக்கா.”

கோழி அந்த முட்டையைச் சற்று நேரம் பார்த்தது. வாசலில் குஞ்சு கத்தியது. கீரியின் மீசை அதன் முதுகைத் தொட்டிருந்தது.

கோழி ஒரே தாவலில் வெளியே பாய்ந்து கீரியின் மூக்கில் நகத்தைப் பதித்தது.

“சும்மா விளையாடினேன், தங்கச்சி” என்று முனகியபடி கீரி புதருக்குள் ஓடியது.

மூன்று குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு கோழி இரை பொறுக்கக் கறையான் புற்றுக்குப் போனது. வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தது. நடந்துகொண்டேதான் பார்த்தது.

நீதி: உண்மையைப் பார்க்க அஞ்சினால், இல்லாததைக் காக்கப் போய் இருப்பதை இழப்போம்.