முத்திரை வைத்த இட்லி

எங்கள் ரிஜிஸ்தர் ஆபீஸ் முழுக்க, பத்திரங்களுக்கு முத்திரை வைக்க உருக்கும் அரக்கு மணந்த காலம் அது. இப்போது நினைத்தாலும் மூக்கில் நிற்கிறது. சார்பதிவாளர் வேதமூர்த்தி, காகிதம் பறக்கிறதென்று தன் அறை ஜன்னல்களுக்கு ஆணியே அடித்துவிட்டார். அன்று பிடித்த இருமல் அவரை விடவில்லை.

"எல்லாம் உன் துடைப்பத் தூசி! நாளையிலிருந்து வராதே" என்றார், பெருக்குகிற குருவம்மாளிடம்.

"தூசி இல்லீங்கய்யா. அடைச்ச காத்துல பூசணம்."

"காத்துல பூசணமா? எங்கே, பிடிச்சுக் காட்டு!"

குருவம்மாள் சளைக்கவில்லை. கொதிநீரில் கழுவிய இரண்டு டப்பாக்களில் ஆவி பறக்கும் இட்லி கொண்டுவந்தாள். ஒன்றைத் தான் பெருக்கிய கூடத்திலும் மற்றதை அவர் அறையிலும் ஒரு மணி நேரம் திறந்து வைத்தாள்.

"இப்ப மூடி, உங்க கையாலயே முத்திரை வைங்கய்யா."

முத்திரை என்றால் அவருக்கு உயிர். வைத்தார்.

நான்காம் நாள் உடைத்தார்கள். கூடத்து இட்லியில் இரண்டே புள்ளி. அறை இட்லி பச்சைக் கம்பளி போர்த்தியிருந்தது.

"நடுவுல நீதான் திறந்து எதையோ தடவியிருக்கே!"

"அப்ப உங்க முத்திரையை நம்பக் கூடாதுங்களாய்யா?"

பத்திரத்தோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

வேதமூர்த்தி இருமிக்கொண்டே, ஆணி பிடுங்க ஆள் கூப்பிட்டார்.