சந்தைக்கு எதுவும் கொண்டு வராதவர்கள்

ஆனைமடுக் காட்டில் சடச்சி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். பெரிய கோபக்காரி. கோபம் வந்தால் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து நின்று சலசலவென்று சத்தம் போடும். ஆனால், அந்தக் காட்டுக் குட்டிகளில் பாதி அவளிடம்தான் வளர்ந்தன!

மடுவின் கரையில் தினமும் காலையில் சந்தை கூடும். கரடி மொக்கையன் தேன் வைத்திருப்பான். மந்திகள் பலாச்சுளையும் நாவல் பழமும் கொண்டு வருவார்கள். முயல்கள் கிழங்கு கொண்டு வருவார்கள். அணில்கள் கொட்டைகளைக் குவித்து வைப்பார்கள். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிப் போவார்கள். கொண்டு வந்ததில் ஒரு பங்கைப் பொதுக் குவியலில் போட்டுவிட வேண்டும். யானை ராசாவும், மந்திரி மயிலும், காவல் காக்கும் காட்டெருமைகளும் அந்தக் குவியலிலிருந்துதான் சாப்பிட்டார்கள்.

முன்பு சந்தை இவ்வளவு பெரிதில்லை. குட்டி ஈன்ற தாய்கள் இருப்பிடத்தை விட்டு நகர முடியாது. கொஞ்சம் அசந்தால் கழுகு தூக்கிவிடும். இல்லையென்றால் மலைப்பாம்பு விழுங்கிவிடும். அப்போது ஒரு கோடையில் காடு தீப்பிடித்தது. தாயை இழந்த ஐந்து குட்டிகளைச் சடச்சி மடுவுக்கு மேலிருந்த குகைக்குள் கொண்டு வந்து காப்பாற்றினாள். அதைப் பார்த்த ஒரு மந்தி, "என் பிள்ளையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்கிறாயா?" என்று கேட்டாள். அப்படித்தான் தொடங்கியது.

பிறகு கால் ஊனமான ஒரு மிளா மான் வந்து சேர்ந்தாள். இருவாட்சிப் பறவை ஒருத்தி குட்டிகளுக்கு அத்திப்பழம் கொண்டு வந்து கொட்டினாள். காட்டுப்பன்றி அண்ணன் தம்பி இருவர் குகை வாசலில் காவல் நின்றார்கள். காட்டில் எல்லோரும் அவர்களை மடிக்கூட்டம் என்று கூப்பிட்டார்கள். யாரிடமும் அவர்கள் எதுவும் வாங்கவில்லை. தாய்களாகப் பார்த்து எதையாவது கொடுத்தால் அதையும் குட்டிகளுக்கே ஊட்டிவிட்டார்கள்.

மழைக்காலம் நெருங்கியது. மடுக்கரையில் சபை கூடியது. மந்திரி மயில் தோகையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"மகாசனங்களே! நம் காடு செழித்திருக்கிறது! இந்தச் செழிப்பை உண்டாக்கியவர்கள் யார்? சந்தைக்குச் சரக்கு கொண்டு வருகிறவர்கள்! அதனால் காட்டில் உள்ள குகைகளை எல்லாம் இனி அவர்களுக்கே கொடுக்கிறோம். மடுவுக்கு மேலே உள்ள பெரிய குகை, தேன் வைப்பதற்காக மொக்கையனுக்கு!"

சடச்சி எழுந்தாள்.

"அந்தக் குகையில் முப்பது குட்டிகள் இருக்கின்றன மந்திரியாரே!"

"இருக்கட்டும். வேறு இடம் பாருங்கள்."

"மழை வரப் போகிறது. எங்கே போவோம்? இன்னொன்றும் கேட்கிறேன். பொதுக் குவியலில் எங்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள். குட்டிகளைப் பார்த்துக்கொண்டே இரை தேட எங்களால் முடியவில்லை. மிளா எலும்பும் தோலுமாகிவிட்டாள்."

மயில் கழுத்தைச் சாய்த்துச் சிரித்தார். "என்ன சடச்சி! நீங்கள் அன்பினால் அல்லவா இதைச் செய்கிறீர்கள்? அன்புக்குக் கூலியா? கேட்கவே கூச்சமாக இல்லையா?"

"உங்களுக்குக் காட்டின் மேல் அன்பு இல்லையா? நீங்கள் மட்டும் குவியலில் சாப்பிடுகிறீர்களே!"

மயிலின் தோகை சட்டென்று சுருங்கியது. "நான் மந்திரி! சரி, நீயே சொல். இத்தனை வருடத்தில் மடிக்கூட்டம் சந்தைக்கு என்ன கொண்டு வந்தது? ஒரு பழம்? ஒரு கொட்டை? ஒரு சொட்டுத் தேன்?"

சபை கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தக் குகையில் வளர்ந்தவர்கள்!

யானை ராசா காதை ஆட்டிக்கொண்டே, "சரி, சரி. நல்லது செய்கிறவர்களை வருத்தப்பட வைக்காதீர்கள். அவளுக்கு ஒரு மாலை போடுங்கள்" என்றார்.

மயில் ஒரு காட்டுப்பூ மாலையைக் கொண்டு வந்து சடச்சியின் மேல் வீசினார். அது முள்ளில் சிக்கித் தொங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். சடச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேலே குகை வாசலில், காலி செய்யச் சொல்லி எருமைகள் வந்து நின்றன. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஓடைக்குப் பக்கத்தில் ஒரு மருதமரத்தின் வேரடியில் பள்ளம் ஒன்று இருந்தது. வேறு இடம் கிடைக்கவில்லை. அங்கே போனார்கள். இடம் ஈரம். குட்டிகள் இருமத் தொடங்கின. சில தாய்கள் பயந்து பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிப் போனார்கள். பதினொரு குட்டிகள் மிஞ்சின.

பசியும் சேர்ந்துகொண்டது. காட்டுப்பன்றிகளில் மூத்தவன் ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"அக்கா, எங்களால் முடியவில்லை. கிழங்கு தோண்டப் போகிறோம். வயிறு நிறைந்ததும் வந்துவிடுகிறோம்."

"போய்விட்டு வாருங்கள் தம்பி" என்றாள் சடச்சி. அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இருவாட்சி நனைந்த சிறகோடு காய்ச்சலில் கிடந்தாள். மிச்சம் இருந்தது சடச்சியும் மிளாவும்தான்.

அந்தப் பதினொன்றில் முயல் வெள்ளச்சியின் கடைக்குட்டியும் ஒன்று. உள்ளங்கை அளவுதான் இருப்பான். சடச்சியின் வயிற்றுப் பக்கம் முள் இல்லாத இடமாகப் பார்த்து ஒண்டிக்கொண்டு தூங்குவான். வெள்ளச்சிக்குக் கணவன் இல்லை. கிழங்கு கொண்டு போனால்தான் அவளுக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் சாப்பாடு. அதனால் மழையிலும் சந்தைக்குப் போனாள்.

ஒரு பிற்பகலில் மலை மேலே பேய்மழை கொட்டியது. ஓடை பொங்கிவிட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் பள்ளத்துக்குள் தண்ணீர் வந்தது!

"மிளா! தூக்கு!" என்று கத்தினாள் சடச்சி.

மிளா முதுகில் நான்கு குட்டிகளை ஏற்றிக்கொண்டு நொண்டி நொண்டி மேட்டுக்கு ஏறினாள். சடச்சியால் முதுகில் யாரையும் ஏற்ற முடியாது. முள் குத்திவிடும். வாயால் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ஓடினாள். ஒன்று. இரண்டு. மூன்று. காலில் சேறு இழுத்தது. நான்கு. மிளா திரும்பி வந்து இன்னும் இரண்டைத் தூக்கினாள். பன்றிகள் இருவரும் இருந்திருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும்.

சடச்சி கடைசி நடைக்குத் திரும்பியபோது பள்ளம் இருந்த இடத்தில் செம்மண் வெள்ளம் சுழன்றுகொண்டிருந்தது. கடைக்குட்டி இல்லை. அவள் தண்ணீருக்குள் இறங்கித் துழாவினாள். கூப்பிட்டாள். மிளா அவளைக் கடித்து இழுத்து மேட்டில் போட வேண்டியதாயிற்று.

வெள்ளச்சி கிழங்குக் கூடையோடு ஓடி வந்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். ஒரு முறை பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள்.

"என் கடைசிப் பையன் எங்கே அக்கா?"

சடச்சி ஓடையைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளச்சி கூடையைப் போட்டுவிட்டு அவள் மேல் விழுந்து அடித்தாள். முள் குத்தி முன்னங்கால்களில் ரத்தம் வந்தது. அப்படியும் அடித்தாள். சடச்சி நகரவில்லை. முள்ளை எவ்வளவு மடக்க முடியுமோ அவ்வளவு மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். மேலே பெரிய குகை காய்ந்து கிடந்தது. அதற்குள் நான்கு தேன்கூடுகள் இருந்தன. நான்கே நான்கு!

மறுநாள் சந்தைக்கு வெள்ளச்சி வரவில்லை. செய்தி காடு முழுக்கப் பரவியது. மந்திகள் வரவில்லை. அணில்கள் வரவில்லை. எந்தத் தாயும் பிள்ளையை விட்டு அசையவில்லை. ஒரு வாரத்தில் மடுக்கரை வெறிச்சோடியது. மொக்கையன் மட்டும் காலித் தேன்பானையோடு உட்கார்ந்திருந்தான். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். மரம் ஏறித் தேன் எடுத்து வந்ததெல்லாம் அவன் மனைவி அங்கம்மா. அவள் தன் இரண்டு குட்டிகளைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டாள்!

பொதுக் குவியல் கரைந்தது. எருமைகள் பசியில் முட்டிக்கொண்டன. ராசாவுக்குப் பலாப்பழம் இல்லை.

"மந்திரி! சந்தைக்கு என்ன ஆயிற்று?" என்று பிளிறினார் ராசா.

"மழை, மகாராசா!" என்றார் மயில். மழை நின்றது. சந்தை கூடவில்லை. "சோம்பல், மகாராசா!" என்றார். "தாய்கள் எல்லோரும் நாளையே சந்தைக்கு வர வேண்டும்! இது உத்தரவு!" என்று காடெங்கும் கூவினார். ஒருவரும் வரவில்லை.

பிறகுதான் மயிலுக்கு மூளை வேலை செய்தது. ஒரு மாலையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். முன்னைவிடப் பெரிய மாலை.

"சடச்சி அம்மா! நடந்தது நடந்துவிட்டது. ராசா உனக்கு 'வனத்தாய்' என்று பட்டம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நாளையிலிருந்து குட்டிகளைப் பார்க்கத் தொடங்கிவிடு. சரியா?"

சடச்சி மெதுவாக எழுந்தாள். வால் முள் முதலில் சலசலத்தது. பிறகு முதுகு முழுக்கச் சிலிர்த்தது.

"எங்கே பார்ப்பது?"

"அது... இப்போதைக்கு இந்த மேட்டிலேயே..."

"எதைச் சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பது?"

"பட்டம் கொடுக்கிறோமே!"

"பட்டத்தை இந்த மிளா மெல்லுவாளா? இந்த மாலையைக் கட்டி வெள்ளத்தில் போகிற பிள்ளையை இழுக்க முடியுமா? எடுத்துக்கொண்டு போங்கள்! இன்னும் ஒரு அடி வைத்தால் உங்கள் தோகையில் ஒரு இறகு மிஞ்சாது!"

மயில் மாலையைப் போட்டுவிட்டுப் பறந்தார். சடச்சி நிற்கவில்லை. அவர் பின்னாலேயே மடுக்கரைக்கு இறங்கினாள். மிளா வந்தாள். காய்ச்சல் தெளிந்த இருவாட்சி வந்தாள். பன்றிகள் வந்தார்கள். வழியில் தாய்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள்.

"ராசா!" என்றாள் சடச்சி. "எங்களுக்குக் குகை வேண்டும். குவியலில் மடிக்கூட்டத்துக்குப் பங்கு வேண்டும். குகை, கூலி என்று பேச்சு வரும்போது சபையில் எங்களுக்கும் இடம் வேண்டும். இதைப் பிச்சையாகக் கேட்கவில்லை!"

மொக்கையனுக்குப் பொறுக்கவில்லை. "குகையா? நான் சந்தைக்குத் தேன் கொண்டு வந்தவன்! இவர்கள் என்ன கொண்டு வந்தார்கள்?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னைக் கொண்டு வந்தார்கள்!"

அங்கம்மா! இரண்டு குட்டிகளும் கழுத்தில் தொங்க முன்னால் வந்தாள்.

"உங்கள் தேனை யார் எடுத்தது? நான்! நான் மரத்தின் மேலே இருந்தபோது உங்கள் பிள்ளைகளை யார் பார்த்தது? நீங்களா? நீங்கள் கடையில் உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தீர்கள்! இவர்கள் பார்த்தார்கள். அதனால்தான் நான் சந்தைக்கு வந்தேன்."

"என்னையும் இவர்கள்தான் கொண்டு வந்தார்கள்!" என்றாள் ஒரு மந்தி.

"என்னையும்!" "என்னையும்!" என்று அணில்கள் கத்தினார்கள். மடுக்கரை அதிர்ந்தது.

யானை ராசா கூட்டத்தைப் பார்த்தார். காலியான குவியலைப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் வெட்கமாக இருந்தது.

"குகை மடிக்கூட்டத்துக்கு" என்றார். "குவியலில் முதல் பங்கும் அவர்களுக்கே. நீ இனிமேல் சபையில் உட்கார், சடச்சி. மயிலே, குகையைச் சுத்தம் செய்யும் வேலை உன்னுடையது. உன் தோகையாலேயே செய்!"

பதினைந்து நாளில் சந்தை பழையபடி கூடியது. மிளா உடம்பு தேறினாள். மழைக்குப் பயந்து ஒதுங்கியிருந்த குட்டிகள் எல்லாம் குகைக்குத் திரும்பின. ராசா ஒரு நாள் அந்தப் பக்கம் வந்து வாசலில் நின்றார்.

"என்ன சடச்சி, கோபம் தணிந்ததா?"

"என்னைக் கேட்காதீர்கள். அவளைக் கேளுங்கள்" என்றாள் சடச்சி.

உள்ளே வெள்ளச்சி இருந்தாள். அவள் இப்போது கிழங்கு விற்கப் போவதில்லை. மடிக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். யாரோ பெற்ற ஓர் அணில் பிள்ளைக்குப் பழத்தை மென்று ஊட்டிக்கொண்டிருந்தாள். ராசா அவளிடம் கேட்க வாயெடுத்தார். அவள் நிமிர்ந்து ஒரு முறை பார்த்தாள். ராசா தும்பிக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கேட்காமலே திரும்பிப் போனார்.

தொண்டு செய்கிறவர்களின் உழைப்பின் மேல்தான் ஊரின் செல்வம் நிற்கிறது. அவர்களுக்குப் புகழ்மாலை போட்டுவிட்டு இடமும் சோறும் தர மறுக்கும் நாடு, தன் பிள்ளைகளையும் இழக்கும், தன் சந்தையையும் இழக்கும்.