வீடு சேராத ஆட்டக்காரர்

மதுரைக்கு மேற்கே, வண்டிப்பாதையோரப் புளியமரத்தடியில் கூழ்ச்சாமி என்ற துறவி கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார். எல்வுட் துரை வந்து, நீளமான உருட்டுக்கட்டை ஒன்றை அடுப்போரம் போட்டார்.

“எரித்துவிடுங்கள், சாமி.”

எல்வுட், மிஷன் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். அமெரிக்காவிலிருந்து வந்தவர். முன்ஷி வைத்துப் படித்த தமிழ். ஒவ்வொரு சொல்லும் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்து நிற்கும்.

“விறகுல இம்புட்டு வழவழப்பா? என்ன துரை இது?”

“பந்தடிக்கும் மட்டை. அங்கே அதையே தொழிலாக்கிக்கொள்ளப் பார்த்தேன். பையன்கள் கற்றுக்கொடுங்கள் என்கிறார்கள். எனக்கு யோக்கியதை இல்லை. பள்ளியை விட்டுவிட்டு உங்கள் சீடனாக இருக்கிறேன்.”

“ஏனாம்?”

“சம்பளத்துக்கு ஆடியது ஒரே ஆட்டம். எனக்கு வீடு கிட்டவில்லை.”

சாமியின் கை நின்றுவிட்டது. அவர் வீட்டை விட்டு வந்ததே வீடுபேறு என்கிற அந்த இன்னொரு வீட்டுக்காகத்தான்.

“வீடா! பந்தாட்டத்திலயா?”

“ஆம். கிளம்பும் இடத்துக்கு அப்படிப் பெயர். மூன்று மூலைகளையும் தொட்டு ஓடி, திரும்ப வீடு சேர வேண்டும்.”

“அட, அங்கயும் இதே பாடுதானா!”

எல்வுட் சிரிக்கவில்லை. “மூன்றாம் மூலையில் எங்கள் ஆள் ஒருவன் நின்றான். மெல்லத் தட்டிவிடு என்று தலைவர் சாடை காட்டினார். தட்டிவிட்டு ஓடினேன். அவுட். அவன் வீடு சேர்ந்தான், ஜெயித்தோம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள்.”

“அவுட்டாவோம்னு தெரியுமா?”

“தெரியும்.”

“பெறகு எதுக்கய்யா ஓடினீரு?”

“நான் ஓடினால் எல்லோரும் என்னைப் பிடிக்கப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அவன்…”

எல்வுட்டின் பார்வை அடுப்போரம் கிடந்த மட்டைமேல் போயிற்று.

கூழ் அடிப்பிடிக்கும் வாடை வந்தது. சாமி சட்டென்று மட்டையை எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, பானைக்குள் விட்டுக் கிண்டினார்.

“ஐயோ சாமி! மெதுவாக! விரிசல் விட்டுவிடும்!”

“எரிக்கத்தானே கொண்டாந்தீரு?”

எல்வுட்டின் வெள்ளை முகம் சிவந்துபோயிற்று.

சாமி மட்டையை வெளியே எடுத்துத் தன் துண்டால் பதனமாகத் துடைத்தார். “இத்தனை வருஷமா வீடு வீடுன்னு குந்தியிருக்கேன். என் ஒருத்தனையே இன்னும் கொண்டு சேத்தபாடில்ல. நீரு ஒரே ஆட்டத்துல ஒருத்தனைச் சேத்துட்டு வந்து நிக்கிறீரு.”

மட்டையைத் துரையிடம் நீட்டினார்.

“பள்ளிக்கூடத்துல எவன் மூணாம் மூலையில நிக்கிறானோ. போயித் தட்டிவிடும், துரை.”