மாவு ஏன் பொங்கவில்லை?

"ஒருத்தர்கூட விதியைப் படிக்க மாட்டேங்கிறாங்க மேடம்" என்றார் வேலாயுதம்.

ஜெசிந்தா ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"கொடைக்கானல் பஸ் மூணாவது பிளாட்பாரம் தாத்தா. இப்பத்தான் ஒண்ணு போச்சு. அடுத்தது இருபது நிமிஷத்துல வந்துரும். நிழல்ல உக்காருங்க."

காலை பத்தரை மணி. வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தின் டைம் கீப்பர் அறை. வருகிற பஸ்ஸையெல்லாம் குறித்துவைக்க ஒரு பெரிய நோட்டு, சத்தம் போடும் மின்விசிறி, ஒரு மேசை, இரண்டு நாற்காலி.

ஞானம் தேடுகிறவர்கள் மலை ஏறுவார்கள் என்று கேள்வி. வேலாயுதம் மதுரையில் மலை ஏறுகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறி, அடிவாரத்திலேயே இறங்கிவிட்டார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்தொன்று.

குரு என்றது கிண்டலுக்கு அல்ல. 'மாவு பொங்குச்சா?' என்று ஓர் இணையக் குழு இருக்கிறது. இட்லி மாவு அரைப்பவர்கள், அரைக்கத் தெரியாதவர்கள், அரைத்துக் கெடுத்தவர்கள் என்று உலகம் முழுக்க நாற்பத்தோராயிரம் பேர். ஆறு வருடத்துக்கு முன் அதைத் தொடங்கியவள் ஜெசிந்தா. பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் நடத்துகிறாள்.

தொடங்கியபோது அவள் போட்டது ஒரே விதி. சண்டை வந்தால் இரு தரப்பும் சட்னியைப் பற்றிப் பேசவும்.

அது நன்றாகவே வேலை செய்தது. ரேஷன் அரிசியா இட்லி அரிசியா என்று சட்டையைப் பிடித்தவர்கள்கூடக் கடைசியில் தேங்காய்ச் சட்னியில் சமாதானமானார்கள்.

வேலாயுதம் கல்லூரித் தேர்வு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக அந்தக் குழுவில் பதில் சொல்லிப் பேர் வாங்கியவர். எந்தப் பதிலையும் நம்பர் போட்டுத்தான் எழுதுவார். மூன்று மாதத்துக்கு முன் ஜெசிந்தாவுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். ஏழு அம்சம், கீழே கையெழுத்து.

குழுவில் யார் என்ன எழுதினாலும் பார்த்து, கூடாததை நீக்குகிற ஆள் ஆக வேண்டும் என்பது விண்ணப்பத்தின் சாரம். ஊரெல்லாம் அந்த ஆளை அட்மின் என்றுதான் சொல்கிறது. வேலாயுதத்துக்கு மட்டுறுத்துநர் என்ற தமிழ்ப் பெயர் பிடித்திருந்தது. சொன்னால் வாய் நிறைகிற பதவி.

விண்ணப்பத்தைப் படித்துவிட்டு அவள் ஃபோனில் கூப்பிட்டாள்.

"சார், உங்க மாவு எப்பவாவது பொங்காமப் போயிருக்கா?"

"எனக்கா? ஒரு தடவகூட இல்ல மேடம்."

அந்தப் பக்கம் யாருக்கோ பிளாட்பார நம்பர் சொல்லிவிட்டு அவள் ஃபோனுக்குத் திரும்பினாள்.

"சரி சார். மூணு மாசம் பாருங்க. அப்புறம் பேசுவோம்."

இன்றோடு மூன்று மாதம் முடிகிறது. குழுவில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பதவியின் அடையாளமாக ஒரு சின்னப் பச்சைக் கேடயம் ஒட்டியிருந்தது. அது நிலைக்குமா, போய்விடுமா என்று தெரிந்துகொள்ளத்தான் பஸ் ஏறினார். அது போனால் அவர் வீட்டில் வெறும் பென்ஷன்காரர். காலையில் மனைவி கோமதி காபி டம்ளரை வைக்கும்போது "அட்மின் சாருக்கு" என்று சொல்லி வைப்பாள். கிண்டல்தான். அந்தக் கிண்டல் இல்லாத காபியைக் குடிக்க அவர் தயாராக இல்லை.

பெரியவர் நிழலுக்குப் போனார். ஜெசிந்தா திரும்பினாள்.

"இப்போ எத்தனை விதி சார்?"

"இருபத்தேழு."

"சட்னி?"

"அத எடுக்கல மேடம். இருபத்தாறாவதா இருக்கு."

ஜன்னலில் ஒரு கல்லூரிப் பெண்ணின் முகம் தெரிந்தது. "அக்கா, தேனி பஸ் எங்க நிக்கும்?"

"நாலாவதும்மா. முன்னாடி ஏறு, பின்னாடி கதவு சரியா மூடாது."

வேலாயுதம் விட்ட இடத்தில் தொடங்கினார். "விதி நாலுதான் முக்கியம். தினம் நாலஞ்சு பேர் ஒரே கேள்வியைக் கேக்குறாங்க. மாவு பொங்கல, மாவு ஏன் பொங்கல, மாவு பொங்கவே மாட்டேங்குது. அதுக்கு நான் முப்பது வரியில பதில் எழுதி மேலயே மாட்டி வச்சிருக்கேன். மறுபடி கேக்கக் கூடாது. அதுதான் விதி நாலு."

"கேட்டா?"

"அந்த வார்த்தை வந்தாலே கேள்வி தானா மறைஞ்சிரும். 'விதி நான்கைப் படிக்கவும்'னு பதில் தானாப் போயிரும். நான் கண்ணால பாக்கக்கூட வேண்டாம். இதுவரைக்கும் முந்நூத்திப் பன்னெண்டு தூக்கியிருக்கேன்."

"தேனி பஸ் எங்க நிக்குதுங்க?" ஜன்னலில் ஒரு சூட்கேஸ்காரர்.

"நாலாவதுண்ணே. கிளம்ப அரைமணி இருக்கு, டீ குடிச்சிட்டே போகலாம்."

அவர் போனதும் ஜெசிந்தா கேட்டாள். "சண்டை வருதா சார்?"

"இந்த மாசம் ஒண்ணுகூட இல்ல."

"பேச்சு?"

வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம் கம்மி."

கொஞ்சம் கம்மி என்று அவர் சொன்னது தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள. குழுவில் ஈ காக்காய் இல்லை. நேற்று முழுக்க மூன்றே பதிவுகள். அதில் இரண்டு வேலாயுதம் போட்டவை.

"தேனி வண்டி...?" என்று இன்னொரு தலை எட்டிப் பார்த்தது.

"நாலு" என்றாள் ஜெசிந்தா. "பையை மடியில வச்சுக்கங்க, மழை வர்ற மாதிரி இருக்கு."

வேலாயுதத்துக்குப் பொறுக்கவில்லை. "தலைக்கு மேல இவ்வளவு பெரிய போர்டு மாட்டியிருக்கு. எந்த ஊர், எந்த பிளாட்பாரம், எல்லாம் எழுதியிருக்கு. அதுக்குக் கீழயே நின்னு உங்களக் கேக்குறாங்களே, ஏன்?"

"தெரியல சார்" என்றாள் ஜெசிந்தா. நிஜமாகவே தெரியாதவள் போலத்தான் சொன்னாள். "நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து கேக்குறாங்க."

இதென்ன பதில் என்று அவருக்கு இருந்தது. குரு வாயிலிருந்து ஏதாவது வரும் என்று நம்பித்தான் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தார்.

"இன்னொரு விஷயம் மேடம். பின்லாந்துல இருந்து ஒருத்தர், ஆசிக்னு பேரு. விதி நாலை நாலு தடவை மீறிட்டாருன்னு ஆப்பே கணக்குக் காட்டுது. குழுவை விட்டே தடை பண்ணணும். அந்தப் பட்டன் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

ஜெசிந்தா ஃபோனை எடுத்து எதையோ தட்டினாள். வேலாயுதத்தின் சட்டைப்பையில் ஒரு மணி அடித்தது.

"இப்போ உங்ககிட்டயும் இருக்கு."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "அப்போ என் கேடயம்?"

"டீ குடிச்சிட்டு வந்து சொல்றேன் சார். யாராவது வந்து கேட்டா நீங்க சொல்லுங்க."

வாசலில் நின்று திரும்பினாள். "தடை பண்றதுக்கு முன்னாடி, கூடவே ஒண்ணு அனுப்பியிருக்கேன். அதப் பாத்துருங்க."

போய்விட்டாள்.

வேலாயுதம் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஜன்னலில் கூடையோடு ஒரு அம்மா வந்து நின்றார்.

"ஐயா, தேனி பஸ் எங்க நிக்கும்?"

வேலாயுதம் விரலை மேலே காட்டினார். "போர்டுல போட்டிருக்கும்மா."

அந்த அம்மா மேலே பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். அங்கேயே நின்றார்.

அவருக்கு என்னவோ போல் இருந்தது. ஃபோனை எடுத்துக் குனிந்துகொண்டார். ஜெசிந்தா அனுப்பியிருந்தது குழுவில் வந்த ஒரு பழைய கேள்வி. மூன்று வருடத்துக்கு முன் வந்தது.

'அனைவருக்கும் வணக்கம். மாவு பொங்கவில்லை. கல் போல இருக்கிறது. என்ன தவறு செய்தேன் என்று தெரியவில்லை. தயவுசெய்து யாராவது சொல்லவும்.'

வேலாயுதத்தின் கண் பழக்கத்தில் திருத்த ஆரம்பித்துவிட்டது. கேட்ட கேள்வியே திரும்ப, விதி நான்கு. படம் இல்லை, விதி ஏழு. என்ன அரிசி என்று சொல்லவில்லை, விதி ஒன்பது. தேவையில்லாத வணக்கம், விதி பதினைந்து. இப்படியும் ஒரு ஆள் எழுதுவாரா?

அப்புறம்தான் கீழே பெயரைப் பார்த்தார்.

க. வேலாயுதம், மதுரை.

கோமதி மகளின் பிரசவத்துக்கு சிங்கப்பூர் போயிருந்த சமயம். ஆறு மாதம். இரண்டாவது வாரம் மாவு அரைத்து வைத்தார். மறுநாள் மூடியைத் திறந்தால் ஊற்றி வைத்த அளவிலேயே கிடந்தது. கரண்டியோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவர் அழுதார். ஒரு பாத்திரம் மாவுக்காக யாராவது அழுவார்களா? அவர் அழுதார்.

அந்தக் கேள்விக்குக் கீழே முதல் பதில் ஜெசிந்தாவுடையது. உளுந்தைப் பற்றி இல்லை, உப்பைப் பற்றி இல்லை.

'எத்தனை பேருக்கு சார் அரைச்சீங்க?'

அதற்கு அவர் எழுதியிருந்தார். 'இரண்டு பேருக்கு. நான் மட்டும்தான் இருக்கிறேன். கை பழகிவிட்டது.'

அதற்குக் கீழே தொண்ணூற்று நான்கு பேர். கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று ஒருவர். கையால் கலக்குங்கள், கரண்டி வேண்டாம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அம்மா. 'வீட்டம்மா வர்றதுக்குள்ள தேறிருவீங்க அண்ணாச்சி' என்று ஒரு தூத்துக்குடிக்காரர். நான்காம் நாள் அவரே போட்ட படம். பாத்திரத்தை மீறி, மேடையில் வழிந்து, தரைவரை வந்திருந்த மாவு. 'பொங்கிருச்சு' என்று ஒரு வார்த்தை. நம்பர் போடாமல்.

ஒரு தடவகூட இல்ல மேடம் என்று சொன்ன வாய் இதுதான். யாராவது பார்த்துவிட்டார்களா என்று வேலாயுதம் சுற்றிப் பார்த்தார். ஜன்னலில் அந்த அம்மா மட்டும் நின்றிருந்தார்.

மறைந்துபோன கேள்விகள் சேருகிற பெட்டியை அவர் அன்றுதான் முதல் தடவையாகத் திறந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு. அதில் ஆசிக்குடையது நான்கு.

'மாவு பொங்கலை. ரெண்டு நாள் ஆச்சு.'

'விதி நாலைப் படிச்சேன், மன்னிக்கவும். மாவை வெயில் படும் இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கீங்க. இங்க வெயில் இல்லை. மாவு பொங்கலை.'

'வெயில் எப்ப வரும்னு விசாரிச்சேன். மார்ச்னு சொல்றாங்க. மாவு பொங்கலை.'

'அண்ணே, உள்ள யாராவது இருக்கீங்களா? மாவு பொங்கலை.'

மூன்றாவதைப் படிக்கும்போது சிரிப்பு வந்தது. நான்காவதில் அது போய்விட்டது.

தடை செய்யும் பட்டன் சிவப்பாக, தயாராக இருந்தது. அவர் விரல் அதைத் தாண்டிப் போய் விதி நான்கை அணைத்தது. ஆசிக்கின் கேள்வியை எடுத்து எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தது. பிறகு எழுதினார்.

'இருக்கேன் தம்பி. எத்தனை பேருக்கு அரைச்சீங்க?'

பின்லாந்தில் பொழுது விடியக்கூட இல்லை. பதில் உடனே வந்தது. தூங்காத ஆள் போல.

'அண்ணே! ரெண்டு பேருக்குத்தான் அரைச்சேன். இப்போ மூணு பேர் ஆயிட்டோம். முந்தாநாள் எங்களுக்குப் பொண்ணு பொறந்துச்சு. என் மனைவி ஷபானா, ஆஸ்பத்திரியில இருந்து இட்லி மட்டும்தான் கேக்குறா. நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வர்றாங்க. ஊர்ல இருந்து யாரும் வர முடியலை. நான் மட்டும்தான்.'

வேலாயுதம் அதை இரண்டு தடவை படித்தார்.

அதற்குள் குழு விழித்துக்கொண்டது. டொரண்டோவிலிருந்து ஓர் அம்மா, ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வை ராசா, சூடு வைத்துவிடாதே என்றார். தூத்துக்குடிக்காரர் வாழ்த்து சொன்னார். பேர் என்ன, எடை என்ன, யார் ஜாடை என்று நாற்பது பேர். கையால் கலக்கு என்றார் யாழ்ப்பாணத்து அம்மா. மலேசியாவிலிருந்து ஒருவர், கையா, சுத்தம் என்னாவது என்றார். யார் கையைச் சுத்தமில்லை என்கிறீர் என்றார் யாழ்ப்பாணத்து அம்மா. நொடியில் இரண்டு கட்சி சேர்ந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு நல்ல சண்டை.

சண்டை கூடாது என்கிற விதி பதினெட்டின்படி எல்லாவற்றையும் நீக்க வேண்டும்.

வேலாயுதம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதினார்.

'அது இருக்கட்டும். பிள்ளை பெத்தவளுக்கு எந்தச் சட்னி நல்லது?'

பூண்டு என்று முதல் பதில் வந்தது. அதற்கப்புறம் வந்ததை அவரால் எண்ண முடியவில்லை.

வாசலில் ஜெசிந்தா இரண்டு டம்ளரோடு நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு டம்ளரை மேசையில் அவர் பக்கம் வைத்தாள்.

"அட்மின் சாருக்கு" என்றாள்.

அவர் காதில் அது விழவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கூடையோடு நின்ற அந்த அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தேனி பஸ் நாலாவது பிளாட்பாரம்மா. முன்னாடி ஏறுங்க, பின்னாடி கதவு சரியா மூடாது. கூடையை மடியில வச்சுக்கங்க, மழை வர்ற மாதிரி இருக்கு. எங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்கு."